பாட்டுப் புத்தகத்தில் இல்லாத முடிவு

பொறாமை வயதோடு போய்விடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். தலை நரைத்துவிட்டது, முழங்காலில் மூட்டு தேய்ந்துவிட்டது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறேன். எனக்குப் பதினொரு வயதில் வந்த ஒரு பொறாமை மட்டும் அப்படியே இருக்கிறது. நம் வயசு செட்டில் இருப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்ல முடியும். என் மகனிடம் சொன்னால், "எதுக்கும்மா இதையெல்லாம் மனசுல வெச்சிக்கினு?" என்று கேட்டுவிட்டு நாவலூர் ஆபீசுக்குப் புறப்பட்டுவிடுவான்.

உங்களுக்குப் பாட்டுப் புத்தகம் நினைவிருக்கும். சினிமா கொட்டகை வாசலில் விற்பார்கள். அழுக்கு ரோஸ் நிறத்திலோ வெளிர் பச்சையிலோ மெல்லிய தாள். கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் விரலில் மை ஒட்டும். முன் அட்டையில் நடிகையின் முகம், யார் என்றே தெரியாத அளவுக்குக் கறுப்பாக அச்சாகியிருக்கும். உள்ளே முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம். ஊர், குடும்பம், காதல், கல்யாணம், வில்லன் எல்லாம் வரும். எல்லாம் சிக்கலாகி இனி என்ன ஆகுமோ என்று நாம் மூச்சைப் பிடிக்கும்போது, "அவள் கதி என்ன? மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்துவிடுவான். அப்புறம் பாட்டுகள்.

எனக்கு வெள்ளித்திரை கிடையாது. திருக்கழுக்குன்றத்தில் என் அப்பா கோயில் அலுவலகத்தில் குமாஸ்தா. சினிமா பார்த்தால் பெண்பிள்ளைகள் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. ஆனால் அச்சடித்த காகிதம் எதுவானாலும் அவருக்குச் சரஸ்வதி. தரையில் கிடந்த பாட்டுப் புத்தகத்தை ஒருமுறை தெரியாமல் மிதித்துவிட்டார். உடனே குனிந்து எடுத்து, அந்த நடிகையின் முகத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சினிமா பாவம், சினிமாவைப் பற்றிய காகிதம் புண்ணியம். அந்தச் சந்தில் புகுந்துதான் நான் வளர்ந்தேன்.

புத்தகங்கள் கொண்டுவந்து கொடுப்பவர் என் அத்தையின் கணவர். செங்கல்பட்டில் ஒரு சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிற வேலை. "நம்ம வூட்ல படிக்கிற பொண்ணு இது ஒன்னுதான்" என்று மாமா என் கையில் கொடுக்கும்போது எனக்குத் தலை கால் புரியாது. படித்துவிட்டுத் தெருப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்துக் கதை சொல்வேன். பாதிதானே இருக்கிறது, மீதியை நானே போட்டுக்கொள்வேன். கதாநாயகி வீட்டைவிட்டு வெளியேறினாள் என்று ஒரு வரி இருந்தால், அவள் நெஞ்சில் ஆயிரம் எண்ணங்கள் அலைமோதின என்று ஆரம்பித்து ஆயிரத்தையும் வரிசையாகச் சொல்வேன். அம்மாகூட முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். தெருவில் எனக்கு அப்படி ஒரு மரியாதை இருந்தது. ராணி மாதிரி இருந்தேன், பொய் சொல்லவில்லை.

அந்த வருஷம் கோடை விடுமுறைக்கு அத்தை மகள் வந்தாள்.

என் வயதுதான். எண்ணெய் வைக்காத செம்பட்டை முடி, முழங்கையில் எப்போதும் ஏதாவது ஒரு சிராய்ப்பு. பாடம் படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் அவள் டிக்கெட் கிழிப்பவரின் மகள். எல்லாப் படமும் பார்த்தவள். வந்த மறுநாளே என் கூட்டம் முழுக்க அவள் பக்கம் போய்விட்டது.

அவளுக்குக் கதை சொல்லவே தெரியாது. இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். "மொதல்ல ஒரு ஜன்னலு. அதுல மழ. அப்பால அவ மூஞ்சி. இந்தச் செவுரு அளவுக்குப் பெருசா. அப்பால மறுபடியும் மழ" என்பாள். யார் அவள், ஜன்னல் யார் வீட்டு ஜன்னல், அப்பா இருக்கிறாரா செத்துவிட்டாரா, ஒன்றும் சொல்லமாட்டாள். கேட்டால், "இரு, சும்மா இரு" என்பாள். சட்டென்று எழுந்து நின்று முகத்தை எப்படியோ ஆக்கிக்கொண்டு தலையை மெதுவாகத் திருப்புவாள். அவ்வளவுதான், என் தோழிகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆழாக்கு அரிசி அன்னதானம், விடிய விடிய மேளதாளம் என்று எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் மடக்கிவிடலாம் என்று கேட்டேன். "அவ அப்ப இன்னாடி நெனச்சா? அதச் சொல்லு."

"அது எனக்கு இன்னா தெரியும்?" என்றாள். "நெனப்ப எங்க காட்றான்? மூஞ்சியத்தான் காட்டுவான். நீயா நெனச்சிக்கவேண்டியதுதான்."

"நெனப்பு தெரியாம அது இன்னா கதை?"

"உன் கதையில மூஞ்சியே கெடையாதே. அது மட்டும் இன்னா கதை?"

தோழிகள் சிரித்தார்கள். நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த போதுதான் என் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, செங்கல்பட்டில்தான் புருஷன் வீடு. உச்சி வேளை. மலையில் கழுகுக்குச் சோறு வைக்கிற நேரம், தெருவில் ஈ காக்கை இல்லை. அம்மா கொல்லையில் இருந்தாள். நான் கூடத்து மூலையில் மாமா புதிதாகக் கொடுத்திருந்த பாட்டுப் புத்தகத்தில் மூழ்கியிருந்தேன். கதவு சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கி, "வா சித்தி" என்றேன். மறுபடி தலையைக் குனிந்துகொண்டேன். கதை நல்ல இடத்தில் இருந்தது.

சித்தி புருஷன் வீட்டைவிட்டு வந்துவிட்டாள் என்பது சாயங்காலம்தான் எனக்குப் புரிந்தது. சித்தப்பா குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார், வெற்றிலைகூடப் போடமாட்டார். நல்ல வேலை. காலையில் ஆபீசுக்குப் போகும்போது சித்தியை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவார். மாலை வந்து திறப்பார். அன்றைக்குப் பூட்டு சரியாக விழவில்லை. சித்தி கட்டிய புடவையோடு பஸ் ஏறிவிட்டாள்.

"இதுக்காகவா வந்த?" என்று அப்பா கேட்டார். கோபம்கூட இல்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "பூட்டிக்கினு போறான்னா இன்னாம்மா அர்த்தம்? வூட்ல ஒசத்தியான பொருள் கீதுன்னு நெனைக்கிறவன்தான் பூட்டுவான். ஒன்னும் இல்லாதவன் பூட்டுவானா?"

பெரியவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மாவும் ஆட்டினாள். எனக்கும் அது ரொம்பச் சரியாகத்தான் பட்டது. சித்திரைத் தேர் முடியட்டும், மறுநாள் சித்தப்பா வந்து அழைத்துப்போகட்டும் என்று முடிவானது. சித்தியிடம் யாரும் கேட்கவில்லை.

கோடையில் எங்கள் வீட்டில் புளி ஆய்கிற வேலை நடக்கும். வருஷத்துக்கு வேண்டிய புளியை வாங்கி, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துப் பானையில் உப்புப் போட்டு அடைப்பார்கள். உள் அறையில் சித்தி அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த அறை முழுக்கப் புளிப்பு வாடை, மூக்கில் ஏறி நாக்கில் இறங்கும். நானும் அத்தை மகளும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து நார் உரிப்போம். சித்திக்கு மத்தியானப் பொழுது போகவேண்டுமே, ஆளுக்கு ஒரு கதை சொல்வோம்.

தெருப் பெண்கள் போனால் போகட்டும், சித்தியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அவள் என் சித்தி. என் அம்மாவின் கூடப் பிறந்தவள். முறைப்படி அத்தை மகள் அவளை அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். என்னைப் பார்த்து அவளும் "சித்தி, சித்தி" என்று ஒட்டிக்கொண்டது எனக்கு எவ்வளவு கடுப்பாக இருந்தது தெரியுமா? "உனக்கு அத்தைடி" என்று இரண்டு தடவை திருத்தினேன். "எப்படிக் கூப்ட்டா இன்னா, போ" என்று சித்தியே சொல்லிவிட்டாள்.

சித்தி என் கதைகளை மரியாதையாகக் கேட்பாள். ஒருநாள், "அவள் நெஞ்சில் ஆயிரம் எண்ணங்கள் அலைமோதின" என்று சொன்னபோது மட்டும் கையை நிறுத்தி, "ஆயிரமாடி?" என்றாள். "அந்த நேரத்துல ஒன்னுகூட வராது."

"புக்குல அப்படித்தான் சித்தி எழுதுவாங்க" என்றேன்.

"எழுதுவாங்க, எழுதுவாங்க" என்று சொல்லிவிட்டுப் புளியைப் பிளந்தாள்.

சித்தியின் மனம் கொஞ்சம் ஆறட்டும் என்று அம்மா ஒரு நாள் எங்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போனாள். பஸ்ஸில் ஜன்னல் இடத்துக்கு நானும் அத்தை மகளும் அடித்துக்கொண்டதில் சித்தி ஜன்னலில் உட்கார்ந்தாள். கடற்கரையில் ஒரே கும்பல். சினிமா ஷூட்டிங். என் வாழ்க்கையில் முதல் தடவை. முகத்தில் மாவு அப்பிய ஒரு நடிகை மணலில் ஓடி வந்து விழ வேண்டும். விழுந்தாள். தொப்பி போட்ட ஆள் கத்தினான். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு மறுபடி ஓடினாள், மறுபடி விழுந்தாள். நடுவில் ஒரு பையன் வந்து சின்னச் சீசாவிலிருந்து அவள் கண்ணில் ஏதோ விட்டான். பக்கத்தில் பெரிய பளபளப்புத் தகடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்கு உள்ளுக்குள் கும்மாளம். இதுதானா? இந்த மினுக்கலுக்கா என் தோழிகள் வாயைப் பிளந்தார்கள்? "பாத்தியாடி, எல்லாம் டூப்பு" என்று அத்தை மகளின் விலாவில் இடித்தேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. இரண்டு கையையும் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து, குதிரைக்குக் கட்டுகிற மாதிரி மறைத்துக்கொண்டு நடிகையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்படிப் பாரு. கடலை திங்கிறவன் தெரியமாட்டான்" என்றாள்.

சித்தி ஷூட்டிங் பார்க்கவில்லை. தண்ணீர் ஓரமாக நடந்துகொண்டே போனாள். "எங்கடி போற, வாடி இந்தாண்ட" என்று அம்மா கத்தினாள். சித்தி தூரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றாள். மீனவர் குடும்பத்துச் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு பெண் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பாடியது காற்றில் அரைகுறையாக வந்தது. நான் அதைப் பார்த்து வைத்துக்கொண்டேன். எழுதப் படிக்கத் தெரிந்தவளுக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படும் என்று அப்போது என் எண்ணம்.

தேருக்கு முந்தின நாள் மத்தியானம். மாமா கடைசியாகக் கொடுத்த புத்தகத்தின் கதையைச் சொன்னேன். சித்தி வந்தபோது நான் படித்துக்கொண்டிருந்தேனே, அதே புத்தகம். நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தி புருஷனோடு மனஸ்தாபம் வந்து வீட்டைவிட்டுப் போகிறாள். அவள் கதி என்ன? அதற்கு மேல் அச்சில் இல்லை. சித்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் நிலைப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

எனக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் கடற்கரைக்குப் போகிறாள் என்றேன். சாகத்தான் போகிறாள். அங்கே ஒரு கீற்றுக் கொட்டகையில் பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்கிறது. நின்றுவிடுகிறாள். அந்தப் பிள்ளைகளுக்கே டீச்சர் ஆகிவிடுகிறாள். புருஷன் வந்து கூப்பிடுகிறான். "எனக்கு நூறு பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் எப்படி வருவேன்?" என்று கேட்கிறாள். அவள் நெஞ்சில் அன்று அமைதி குடிகொண்டது. முடிந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல முடிவு.

"நல்லாத்தான் கீது" என்றாள் சித்தி. புளியை எடுத்து மறுபடி அரிவாள்மணையில் வைத்தாள்.

"ஆனா அது முடிவு இல்ல" என்றாள் அத்தை மகள்.

"நீ சும்மா இருடி."

"நான் அந்தப் படம் பாத்துக்கீறேன். முடிவு வேற."

என்னால் என்ன சொல்ல முடியும்? நான் படித்தவள், அவள் பார்த்தவள். பார்த்தவளிடம் படித்தவள் வாதாட முடியுமா?

அவள் எழுந்து புளிக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனாள். "அவ புருஷன் வூட்டுக்கே திரும்பிப் போறா. புருஷன் முன்னால, இவ பின்னால. உள்ள வந்தாச்சு. கதவு சாத்துது." அறைக் கதவைச் சாத்தினாள். அறை இருட்டானது. ஜன்னல் வெளிச்சம் அவள் பாதி முகத்தில் மட்டும் விழுந்தது. "அப்பால ஒன்னும் பேச்சு கெடையாது" என்று சொல்லிவிட்டு அவளும் பேச்சை நிறுத்தினாள். கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். ஒரு கை மட்டும் பின்பக்கமாகப் போய்க் கதவைத் தடவிக்கொண்டே மேலே ஏறியது, தாழ்ப்பாளைத் தேடியது. கண்ணால் பார்க்காமல் தேடியது. முகம்... முகத்தை எப்படிச் சொல்வது? அழவில்லை. பயந்த மாதிரியும் இல்லை. கை மேலும் கீழும் போனது. அந்தக் கதவில் தாழ்ப்பாள் இருந்தது, அது கையில் படாத மாதிரி தடவினாள். அப்புறம் கையை எடுத்துவிட்டாள்.

"அவ்ளோதான். சுபம்னு போட்டுட்டான்" என்றாள்.

அம்மா எழுந்து போய்விட்டாள். சித்தி அத்தை மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பிளந்த புளி அப்படியே இருந்தது. நான் கத்தினேன். "இது ஒரு முடிவா? அவ இன்னா நெனச்சா? ஏன் திரும்பிப் போனா? ஒன்னுமே சொல்லலியே!" சித்தி எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

தேர் ஓடியது, நிலைக்கு வந்தது. மறுநாள் சித்தப்பா மல்லிகைப் பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வந்தார். பூவை அம்மாதான் கைநீட்டி வாங்கினாள். சித்தி கூடத்துக்கு வந்து நின்று, "பூட்டாத வூடா இருந்தா வரேன்" என்றாள்.

சித்தப்பா சிரித்துவிட்டார். "பூட்டாத வூடு எங்கனா கீதா?"

"அப்ப நான் வரல."

அப்பா அதட்டினார், அம்மா அழுதாள், சித்தப்பா உட்கார்ந்து பார்த்தார், நின்று பார்த்தார். சித்தி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவர் சாயங்காலப் பஸ்ஸில் தனியாகப் போனார்.

அப்புறம்தான் விசாரணை. நல்லபடியாக இருந்த பெண்ணின் மனதை யார் கெடுத்தது? அம்மா அந்தக் கதவு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். "சினிமா! நான் சொன்னேனா இல்லியா?" என்று அப்பா குதித்தார். அத்தை மகளை அடுத்த பஸ்ஸிலேயே செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போய் விடச் சொன்னார். என் தலையில் கை வைத்து, "இதுவும்தான் கதை சொல்லுது. புக்கு படிக்கிற பொண்ணு. இதால யாராவது கெட்டுப்போனாங்களா?" என்றார்.

எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. நானும் ஒரு முடிவு சொன்னேனே, அதில் அவள் திரும்பிப் போகவேயில்லையே, சித்தி என் பேச்சைக் கேட்டுத்தான் கெட்டுப்போனாள் என்று ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? பழியைக்கூட அத்தை மகளே வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து எனக்குக் கைவேறு ஆட்டினாள்.

சித்தி கொஞ்ச நாள் எங்களோடு இருந்தாள். பிறகு பயிற்சி எடுத்துக்கொண்டு திருவிடந்தைப் பக்கம் பால்வாடி டீச்சராகப் போனாள். கடலோரம். பிள்ளைகள். டீச்சர். நான் சொன்ன முடிவு, அட்சரம் பிசகாமல். குருவி உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் வாழ்க்கைக்கு நான்தான் முடிவு எழுதினேன் என்று இத்தனை வருஷமாக மனதுக்குள் ஒரு பட்டயம் வைத்திருந்தேன். வெளியே சொல்லவில்லை, யாராவது தானாகச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை.

அந்தப் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டன. போன மாதம் மருமகள் டிவியில் பழைய படங்கள் போட்டுக்காட்டினாள். சுவரில் பாதி அளவு டிவி. அந்தப் படத்தின் பெயரைச் சொன்னேன், தேடி எடுத்துவிட்டாள். நான் முதல் தடவையாக அதைப் பார்த்தேன். ஜன்னல் வந்தது, மழை வந்தது, சுவர் அளவுக்கு முகம் வந்தது. அத்தை மகள் சொன்னபடியே. வயிற்றில் பழைய எரிச்சல் கிளம்பியது. முடிவுக்குக் காத்திருந்தேன். முடிவில் புருஷனுக்குக் கண்பார்வை போகிறது, இவள் கோயிலில் உருண்டு அழுகிறாள், பார்வை வந்துவிடுகிறது, குடும்பமே வரிசையாக நின்று சிரிக்கிறது. சுபம். கதவு கிடையாது. தாழ்ப்பாளைத் தேடுகிற கை கிடையாது. மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். பொய்! பார்த்தேன் பார்த்தேன் என்று சொன்னது பொய்! உடனே செங்கல்பட்டில் இருக்கும் அத்தை மகளுக்குப் போன் போட்டேன். அவளுக்கு இப்போது சர்க்கரை, பேரப்பிள்ளைகள், குரல் கரகரத்துவிட்டது.

"நான் எங்கடி முடிவ பாத்தேன்?" என்று சிரித்தாள். "எந்தப் படமும் முழுசா பாத்தது கெடையாது. இன்டர்வெல்லுக்கு மொதலாளி வந்துடுவாரு. அதுக்கு முன்னாடியே நைனா என்ன வூட்டுக்குத் தொரத்திடுவாரு. ஒனக்கு பாதி பேப்பரு, எனக்கு பாதி ரீலு."

"அப்ப அந்தக் கதவு? அந்த மூஞ்சி? அது எந்தப் படம்?"

"படமா?" என்று இழுத்தாள். "அது உங்க சித்திதான்டி. அன்னிக்கு வந்தாங்களே, உள்ள வந்து கதவ சாத்திட்டு இப்படித்தான் நின்னாங்க. கை பின்னால போய் தாழ்ப்பாள தேடிச்சு. கெடச்சதும் போட்டாங்க, எடுத்தாங்க, மறுபடியும் போட்டு எடுத்தாங்க. உள்ளேருந்து தொறக்க வருதான்னு பாத்தாங்க. நான் மாடிப்படிகிட்ட நின்னுகினு இருந்தேன். நீயும் அங்கதான இருந்த? மூலையில படிச்சிகினு இருந்த."

போனை வைத்துவிட்டேன். சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. சித்தியின் நெஞ்சில் ஓடியதை எல்லாம் எனக்குச் சொல்லத் தெரியும் என்று இருந்தேன். அவள் முகம் என் எதிரிலேயே வந்து நின்றிருக்கிறது, நான் "வா சித்தி" என்று சொல்லிவிட்டுக் கறுப்பாக அச்சான ஒரு நடிகையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அத்தை மகளையும் வரச்சொல்லி, இரண்டு பேருமாகத் திருவிடந்தையில் சித்தி வீட்டுக்குப் போனோம். சித்திக்கு எழுபத்தைந்து ஆகிறது. ஈசிஆர் ரோட்டுப் பக்கம் முழுக்கக் கட்டடமாக ஆகிவிட்டது, அவள் வீடு மட்டும் சின்னதாக அப்படியே நிற்கிறது. வாசல் கதவுக்கு ஒரு கருங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாள். பகலில் சாத்துவதே கிடையாதாம். வெளியே போனாலும் அப்படியேதானாம். "இங்க இன்னா கீது எடுத்துகினு போறதுக்கு?" என்றாள்.

காப்பி குடித்தோம். நான் நேராகக் கேட்டுவிட்டேன். "சித்தி, அன்னிக்கு இவ நடிச்சுக் காட்டினது உன்னதான்னு உனக்குத் தெரியுமா?"

"பாத்தவொடனே தெரிஞ்சிது" என்றாள் சித்தி. "சினிமாவுல எவன் அவ்ளோ சரியா காட்டப்போறான்? என் கை அப்படிப் போவும்னு எனக்கே அதுக்கு முன்னாடி தெரியாது. அங்க திரும்பிப் போனா தாழ்ப்பா உள்பக்கம் இருக்காதேன்னு இவ காட்டினப்பதான் தோணிச்சு."

"நான் ஒரு முடிவு சொன்னேனே சித்தி? கடலோரம். கீற்றுக் கொட்டகை. டீச்சர்."

சித்தி யோசித்தாள். மரியாதைக்காக யோசித்தாள், எனக்குத் தெரிந்தது. "நீ நெறைய சொல்லுவியே கண்ணு. எதுன்னு ஞாபகம் வெச்சிக்கிறது?"

அத்தை மகள் என் பக்கம் பார்க்காமல் காப்பி டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். அவள் அப்படி நாகரிகமாக நடந்துகொண்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வந்ததும், "எங்க, இப்ப செஞ்சி காட்டு பாக்கலாம்" என்றேன். வராது என்று நினைத்தேன். வயதாகிவிட்டது, முழங்கால் மடங்காது, கன்னம் தொங்கிவிட்டது, எப்படி வரும்?

"அட போடி" என்றாள். சித்தி, "செய்யேன்" என்றாள்.

அத்தை மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கருங்கல்லைக் காலால் நகர்த்திக் கதவைச் சாத்தினாள். வெளியே ஈசிஆர் சத்தம் அடங்கியது. கதவில் சாய்ந்து நின்றாள். கை பின்பக்கமாகப் போனது.

இந்தத் தடவை முகத்தைத் தவறவிடக் கூடாது, பார்த்து எழுதிவிட வேண்டும் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அங்கே, அவள் செய்துகொண்டிருக்கும்போதே அவளை விட்டுவிட்டுச் சித்தியின் பக்கம் திரும்பினேன். அசல் முகத்தையாவது நான் பார்த்துக்கொள்கிறேன், என்னையும் ஒருமுறை அவள் பார்க்கட்டும் என்று சித்தியின் எதிரில் போய் உட்கார்ந்தேன். சித்தி என் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி அத்தை மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் நவுந்து உக்காரு கண்ணு, மறைக்குது" என்றாள்.